கொடியில் யானை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

தை, மாசி வந்தால் வன்னிப் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம். பாண்ட் குழுவின் கொடியும் தொப்பிச் சின்னமும் அப்போதுதான் அவசரமாகத் தைக்கப்படும். வழக்கமாக நடப்பது, பாடசாலை இலச்சினையை அப்படியே சுருக்குவது: புத்தகம், விளக்கு, சூரியன், நெற்கதிர், குளம், மகுடவாசகம். 4 சென்ரிமீற்றருக்குள் இத்தனையும் நூலில் இறங்கினால் மிஞ்சுவது மஞ்சள் திட்டுத்தான்.

படைச் சின்னம் அழகுக்காகப் பிறந்ததல்ல. புழுதிக்குள் நம்மவனா, மாற்றானா என்று தெரியவேண்டும். சேரருக்குப் பனை, பாண்டியருக்கு வேம்பு, சோழருக்கு ஆத்தி என்று தொல்காப்பியம் சொல்லும் பூக்களுக்கும் அதுதான் வேலை. ஒரு படைக்கு ஒரு பூ. யாழ்ப்பாண அரசின் சேது நாணயமும் அப்படித்தான்: படுத்திருக்கும் காளை, மேலே பிறை, கீழே ‘சேது’ என்ற எழுத்து. மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு 1803 அசாயே போரின் யானை. ஊதுகொம்பு கண்டால் இலகு காலாட்படை. பரந்து நின்று சண்டையிட்டவர்களுக்குக் கட்டளை கொம்பொலியில்தான் போனது.

வன்னிக்கு யானை, பனை, பாலைமரம், குளம் போதும். புலியை ஏன் தவிர்க்கிறார்கள் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. குளத்துக்கு அணைக்கட்டு, துருசு, அஸ்தமனச் சூரியன் எல்லாம் வரையாதீர்கள். ஐரோப்பிய இலச்சினை மரபில் நீருக்கென்றே ஓர் அடையாளம் உண்டு: வட்டத்துக்குள் வெள்ளையும் நீலமும் மாறிமாறி 6 அலைக்கோடுகள். இரணைமடுவுக்கும் அது பொருந்தும், முத்தையன்கட்டுக்கும் பொருந்தும்.

அதே மரபில் மஞ்சளும் வெள்ளையும் உலோகம் (பொன், வெள்ளி). சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, ஊதா ஆகியவை நிறம். உலோகத்தின்மேல் உலோகம் வராது, நிறத்தின்மேல் நிறம் வராது. பச்சைத் துணியில் நீல யானை மைதானத்தின் மறுகரையிலிருந்து தெரியாது. மஞ்சள் யானை தெரியும்.

அடிக்கடி பிழைப்பது திசை. விலங்கு கொடிக்கம்பத்தைப் பார்க்கவேண்டும், கொடியின் இரு பக்கத்திலும். மாறினால் அணி முன்னே நடக்க யானை பின்வாங்கும். ஆகவே மறுபக்கத்துக்குக் கண்ணாடி விம்பமாக இன்னொரு யானை வெட்டவேண்டும். வலக்கைச் சட்டைச் சின்னத்திலும் அப்படியே திருப்புங்கள். முகம் முன்னோக்கியே இருக்கவேண்டும். எழுத்தைத் திருப்ப முடியாது, ஒற்றைத் துணியில் அது பின்னால் இடம்வலம் மாறித் தெரியும். கொடியில் மகுடவாசகம் வேண்டாம் என்பதற்கு இதுவே போதிய காரணம்.

முதலுதவிக் குழுவுக்கு மருத்துவச் சின்னம்: ஒரு கோல், ஒரு பாம்பு. சிறகும் இரு பாம்பும் உள்ள கோல் வணிகத் தெய்வமான மெர்க்குரியினுடையது. அமெரிக்க இராணுவ மருத்துவப் பிரிவு 1902இல் அதை எடுத்ததிலிருந்து குழப்பம் பரவிவிட்டது. செஞ்சிலுவையைத் தொடவே வேண்டாம், அது ஜெனீவா உடன்படிக்கையின் பாதுகாப்பில் உள்ள சின்னம்.

தையலுக்கு வந்தால், 3 அடிக்கு 5 அடிக் கொடியில் உருவம் 2 அடி உயரம் இருக்கட்டும். சிவப்புப் பருத்தித் துணியை வெட்டுமுன் தனியே அலசிக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே சாயம் வெள்ளையில் இறங்கும், துணியும் சுருங்கி உருவத்தைச் சுற்றிச் சுருக்கு விழும். இருபுறத் துணிக்கு நடுவே கனமான உள்துணி வைத்தால் காற்றில்லாத நாளில் கொடி தொங்கியே கிடக்கும், மெல்லியதாக எடுங்கள். காற்றில் அடிபட்டு முதலில் பிரிவது கம்பத்துக்கு எதிர் விளிம்பு. அங்கே இரட்டை மடிப்பு, 3 வரிசைத் தையல்.