ரோபோ மீன் புராஜெக்ட்: வாலுக்கு முன்னால் கணக்கு

இறுதியாண்டு புராஜெக்டாக ரோபோ மீனை எடுக்கலாமா என்று கேட்கும் ஜூனியர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்த மீனுக்கு என்ன வேலை என்பதைத்தான். சூரை மீன் முன்னுடலை அதிகம் அசைக்காமல் வாலை வீசியே வேகமாக நெடுந்தூரம் போகும். விலாங்கு முழு உடலையும் நெளித்து இடுக்குகளில் புகுந்து வரும். துறைமுகக் கண்காணிப்புக்கும் பவளப்பாறை ஆய்வுக்கும் ஒரே உடலமைப்பு சரிவராது.

அப்புறம் ஸ்ட்ரூகால் எண், அதாவது வால் ஆட்டம் நீந்தும் வேகத்துக்குப் பொருந்துகிறதா என்று காட்டும் எண். நொடிக்கு எத்தனை முறை வால் ஆடுகிறது என்பதை, வால் நுனி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை போகும் தூரத்தால் பெருக்கி, நீந்தும் வேகத்தால் வகுக்க வேண்டும். நன்றாக நீந்தும் மீன்களுக்கு இது பெரும்பாலும் 0.2 முதல் 0.4 வரை வரும். வேகம் நொடிக்கு அரை மீட்டர், வால் வீச்சு 10 செ.மீ., எண் 0.3 என்று வைத்தால் நொடிக்கு 1.5 முறை வால் ஆட வேண்டும். வாலை ஆட்டும் சர்வோ மோட்டாரை வாங்கும் முன்பே இதைப் போட்டுப் பாருங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என்னை அதிகம் குடைந்ததும் இந்தக் கணக்கைத்தான்.

ஆனால் நேரத்தை விழுங்குவது வால் அல்ல, மிதப்பு. பேட்டரியை அடியில் வைத்து, ஈர்ப்பு மையத்தை மிதப்பு மையத்துக்கு (தண்ணீர் மேலே தள்ளும் விசை செயல்படும் புள்ளி) கீழே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் மீன் புரண்டுவிடும். வால் ஒரு பக்கம் தள்ளும்போது தலை எதிர்ப்பக்கம் ஆடும், கேமராப் படமும் சேர்ந்து ஆடும். முன்னுடலைச் சற்று கனமாகவும் உயரமாகவும் அமைத்தால் இந்த ஆட்டம் குறையும். தண்ணீர் கசிவது பெரும்பாலும் சுழலும் தண்டு வெளியே வரும் இடத்தில்தான். சுவருக்கு உள்ளே ஒரு காந்தம் சுழன்று வெளியே உள்ள காந்தத்தைச் சுழற்றும் காந்த இணைப்பு வைத்தால் அங்கே துளையே போட வேண்டாம்.

கண்காணிப்பு என்று தலைப்பில் எழுதுகிறவர்கள் தகவல் தொடர்பை மறந்துவிடுகிறார்கள். வைஃபை அலை கடல்நீரில் சில சென்டிமீட்டரிலேயே அடங்கிவிடும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் குழு 2018-ல் வெளியிட்ட சோஃபி என்ற மென்மையான ரோபோ மீனை, ஃபிஜியின் பவளப்பாறைகளில் ஒரு முக்குளிப்பவர் மீயொலியால் இயக்கினார். அது போன ஆழம் 18 மீட்டர் வரை. மாணவர் புராஜெக்டுக்குப் படத்தை உள்ளேயே சேமித்து, மேலே வந்ததும் அனுப்புவது போதும்.

படிப்பை 1994-ல் எம்ஐடியில் உருவான, சூரை மீன் வடிவ ரோபோடூனாவிலிருந்து தொடங்குங்கள். இழுவைத் தொட்டியில் (மாதிரிகளை இழுத்துச் சோதிக்கும் நீளமான தண்ணீர்த் தொட்டி) வைத்து அதன் விசைகளை அளந்த முறையே உங்கள் சோதனை அத்தியாயத்துக்கு நல்ல மாதிரி.