கேஜ் கிளாஸில் ஒரு விரற்கடைத் தண்ணீர்

ஆயர் தாவார் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் 22 வருஷம் பாய்லர் பார்த்தேன். அதனால்தானோ என்னவோ, ஒட்டுக்கடையில் அணு உலைப் பேச்சு வந்தாலே எல்லாரும் என் பக்கம் திரும்புகிறார்கள். "அண்ணே, நம்ம பக்கம் வந்திட்டா என்ன செய்றது?"

எங்கே கட்டுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அரசாங்கத்தின் 13ஆவது மலேசியத் திட்டத்தில், அணு மின்சாரத்துக்கு 2031 என்று ஆண்டு குறித்தாகிவிட்டது. பேச்சு புதிதும் அல்ல. 2011இலேயே ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு என்றார்கள். அந்த மார்ச்சில் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்தது. 2018இல் வந்த அரசாங்கம் வேண்டாம் என்று விட்டுவிட்டது.

நான் அவர்களுக்குச் சொல்வது இதுதான்: அங்கேயும் தண்ணீரைக் காய்ச்சி, ஸ்டீமால் டர்பைனைச் சுற்றித்தான் கரண்டு எடுக்கிறார்கள். நாங்கள் செம்பனை நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்தோம், அவர்கள் யுரேனியத்தைப் பிளக்கிறார்கள். வித்தியாசம் நிறுத்தும்போதுதான் தெரியும்.

ஒரு மழை இரவில் எங்கள் டர்பைன் தானாக நின்றுபோய் (டிரிப் ஆகி) ஆலையே இருண்டது. பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் ஃபீட் பம்ப் நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தால், பாய்லரின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடியான கேஜ் கிளாஸில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஸ்டீமில் ஓடும் மாற்றுப் பம்ப் ஒன்று உண்டு. அதன் வால்வு துருப்பிடித்து அசையவில்லை. இரண்டு பேர் குழாய்ச் சாவியை மாட்டித் தொங்கினார்கள். நான் நார் போடுவதை நிறுத்திவிட்டு நெருப்பை வாரி வெளியே இழுத்தேன். வால்வு திறந்தபோது கண்ணாடியில் ஒரு விரற்கடைத் தண்ணீர்தான் இருந்தது.

அன்று எங்களைக் காப்பாற்றியது, வாரிப் போட்டால் அடங்கிவிடும் நெருப்பு. அணு உலையில் அது நடக்காது. பிளவை நிறுத்திய பிறகும் முழு வெப்பத்தில் சுமார் 6 சதவீதம் உள்ளே வந்துகொண்டிருக்கும். மெல்லக் குறையும், ஆனால் நாள்கணக்கில் தண்ணீர் ஓடியே ஆக வேண்டும். ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காகத்தான் நின்றன. சுனாமித் தண்ணீர் டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்ததால், குளிர்விக்கக் கரண்டு இல்லாமல் போனது.

அந்த வால்வை யாரும் திறந்து பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சோதனைத் தாளில் மட்டும் வாரா வாரம் கையெழுத்து இருந்தது. அதில் சில என்னுடையவை. இன்றும் அதை நினைத்தால் மனசு கூசுகிறது.

அதற்காக நான் உலையே வேண்டாம் என்பவன் இல்லை. பாங்கியில் ஓர் ஆராய்ச்சி உலை 1982இலிருந்து இருக்கிறது. 1 மெகாவாட்தான், சிறியது. என் தங்கை மகன் ஈப்போ பொலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான், அந்த மாதிரி இடத்தில் வேலை கிடைத்தால் நல்லது என்கிறான். கிடைக்கட்டும். ஆனால் அதே ஈப்போ பக்கம்தான் புக்கிட் மேராவும் இருக்கிறது. அங்கே அரிய மண் தனிமங்களைப் பிரித்த ஆலையின் கதிரியக்கம் உள்ள தோரியக் கழிவுக்காக அந்த ஊர் சனங்கள் கோர்ட்டு வரை போனார்கள். 1994இல்தான் ஆலை மூடப்பட்டது. முதலிலேயே ஊரைக் கூட்டிச் சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்குமா?

எங்கள் பக்கம் வருவதானால் அதிகாரிகள் கோயில் திடலுக்கு வரட்டும், தமிழில் பேசட்டும். அப்புறம் நான் எழுந்து கேட்பேன்: மாற்றுப் பம்பை யார் ஓட்டிப் பார்க்கிறார், எத்தனை நாளைக்கு ஒரு தரம், அவர் கையெழுத்துப் போட்ட தாளை எங்கள் கண்ணில் காட்டுவீர்களா?