நெவாடா பாலைவனத்தில் ஒரு நீல ஏரி

அக்கா வீட்டுக்குப் போனபோது எடுத்த படங்களை கொழும்புக்குத் திரும்பி வந்து இப்போதுதான் போடுகிறேன். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இருக்கும் ரீனோ நகரில் இருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது, அத்தான்தான் ஓட்டினார், வழி முழுக்க காய்ந்த மலையும் சாம்பல் நிறப் பற்றையும், வேறொன்றுமே இல்லை, ஒரு மேடு ஏறி இறங்கியதும் சட்டென்று கீழே பிரமிட் ஏரி. அப்படியொரு நீலம்! காலிமுகத்திடலில் கடல் பார்த்தே வளர்ந்த எனக்குப் பேச்சே வரவில்லை.

தாஹோ ஏரியில் இருந்து இறங்கி வரும் ட்ரக்கி ஆறு இங்கேதான் முடிகிறது. இதற்கு மேல் தண்ணீர் போக வழியே கிடையாது, வெயிலில் ஆவியாவது மட்டும்தான், அதனால் லேசான உப்பு. கரையில் இருக்கும் டூஃபா பாறைகளைக் கிட்டப் போய்ப் பார்த்தால் காலிஃபிளவர் மாதிரி முடிச்சு முடிச்சாக, தொட்டால் சொரசொரவென்று இருக்கும், தண்ணீருக்குள்ளே சுண்ணாம்பு படிந்து படிந்து வளர்ந்தவை. 1844இல் ஃப்ரீமாண்ட் என்ற அமெரிக்க ஆய்வுப் பயணி ஒரு பாறையின் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர்தான் பிரமிட். ஆனால் இடம் பையூட் பழங்குடி மக்களுடையது, அனுமதிச்சீட்டும் அவர்களிடம்தான் வாங்க வேண்டும், அது எனக்கு மிகவும் பிடித்தது. சில பாறைகளின் பக்கம் போகத் தடை இருக்கிறது, தயவுசெய்து அதை மதியுங்கள்.

அப்புறம், தண்ணீர்ப் போத்தல் நிறையக் கொண்டு போங்கள்.