ஸ்டூவர்ட் எழுத்துப் பரீட்சை: தண்டனைப் பகுதிக்கு நான் தயாரான முறை

மோட்டார் பந்தயங்களில் விதிமீறல்களை விசாரித்துத் தண்டனை வழங்கும் அதிகாரிகளான ஸ்டூவர்ட்களுக்கான எழுத்துப் பரீட்சையின் பெறுபேறு சென்ற வாரம் கிடைத்தது. சித்தியடைந்தது மகிழ்ச்சிதான், ஆனால் தண்டனை விதிகள் பற்றிய இரண்டாம் பகுதிக்குக் கிடைத்த புள்ளியைப் பார்த்த பிறகுதான் மனம் ஆறியது. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்து இந்தப் பரீட்சைக்குத் தோற்றுபவர்களுக்கு வகுப்பும் இல்லை, அருகில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை. கல்முனையிலோ வாழைச்சேனையிலோ அடுத்த முறை தனியே இருந்து படிக்கப் போகிறவருக்காக இதை எழுதுகிறேன். வினாத்தாளின் அமைப்பும் கொடிகளின் பொருளும் உங்களுக்குத் தெரிந்தவையே என்பதால் நேராக இரண்டாம் பகுதிக்கு வருகிறேன்.

சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனமாகிய எஃப்.ஐ.ஏ., ஃபோர்முலா 1 பந்தயங்களில் ஸ்டூவர்ட்கள் எடுக்கும் தீர்மானங்களை ஆவணங்களாக வெளியிடுகிறது. அவை ஒவ்வொன்றிலும் நிகழ்ந்தது என்ன, மீறப்பட்ட விதி எது, தீர்மானம் என்ன, காரணம் என்ன என்ற நான்கு தலைப்புகள் இதே வரிசையில் இருக்கும். நான் அவற்றை அச்செடுத்து, தீர்மானம் தொடங்கும் வரியோடு தாளைப் பின்புறமாக மடித்துவிடுவேன். மேலே தெரியும் இரண்டு தலைப்புகளை மட்டும் வாசித்து, தண்டனையையும் காரணத்தையும் என் கையால் எழுதி முடித்த பின்னரே மடிப்பை விரிப்பேன். என் புள்ளிக்கு இந்தப் பழக்கமே முழுக் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். வேறு எதற்கும் நேரம் இல்லாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

இந்த வரிசையை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு என் தொழிலும் ஒரு காரணம். வாகனக் காப்புறுதி இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசோதிப்பது என் வேலை. நெளிந்த மட்கார்ட், உடைந்த முன்விளக்கு, வீதியில் சிதறிய கண்ணாடி என்று சேதத்திலிருந்து தொடங்கி, பின்னோக்கிச் சென்று காரணத்தைத் தேடுவதே எங்கள் முறை. ஸ்டூவர்ட் இதற்கு நேர்மாறாகச் செயலிலிருந்து தொடங்க வேண்டும். சேதம் எவ்வளவு, யாருக்கு வெற்றி கைநழுவியது என்பவை தண்டனையின் அளவைத் தீர்மானிக்கக் கூடாது. 2021ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சில்வர்ஸ்டனில் முதல் சுற்றிலேயே லூயிஸ் ஹமில்டனின் கார் மோதியதில் மக்ஸ் வெர்ஸ்டப்பன் தடுப்புச் சுவரில் மோதி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஹமில்டனோ 10 செக்கன் தண்டனையை, அதாவது பிட் எனப்படும் பழுதுபார்க்கும் இடத்தில் அவ்வளவு நேரம் காரை நிறுத்திவைப்பதை, நிறைவேற்றிய பின்னும் பந்தயத்தை வென்றார். 2019இல் கனடாவில் செபஸ்டியன் வெட்டல் பாதையை விட்டு விலகி ஆபத்தான முறையில் திரும்பி வந்து ஹமில்டனுக்கு இடமில்லாமற் செய்தார். கார்கள் தொட்டுக்கொள்ளவே இல்லை, ஆனால் பந்தய நேரத்தோடு கூட்டப்பட்ட 5 செக்கன் தண்டனையால் முதலாவதாகக் கோட்டைக் கடந்தவர் இரண்டாம் இடத்துக்குப் போனார். இந்த இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுமாறு கேட்கும் வினாவில், விளைவுகளை ஒப்பிட்டு எழுதினால் ஆத்திரம்தான் மிஞ்சும், புள்ளி வராது. சில்வர்ஸ்டன் தீர்மானம் ஹமில்டனைப் ‘பெரும்பாலும்’ தவறுடையவர் என்றே குறிப்பிட்டது. முழுப் பொறுப்பா, பெரும்பாலான பொறுப்பா என்ற அந்த அளவைப் பிடித்துக்கொண்டு எழுதுங்கள்.

முன்னே ஆபத்து, வேகத்தைக் குறை என்று காட்டும் மஞ்சள் கொடி பற்றிய வினாவிலும் இதுவே பொருந்தும். வேகத்தைக் குறைக்காமல் சென்றும் ஒருவருக்கும் காயமில்லை, ஆகவே எச்சரிக்கை போதும் என்று எழுதுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கட்டுப்பாட்டை இழந்த கார் ஓடுபாதைக்கு வெளியே பாய்ந்ததில், பார்வையாளரும் ஓடுபாதைப் பணியாளரும் உட்பட ஏழு பேர் உயிரிழந்ததை இந்த நாட்டில் ஸ்டூவர்ட் ஆக விரும்பும் எவரும் மறக்க முடியாது. காயம் ஏற்படும்வரை காத்திருக்கும் தண்டனை யாரையும் காப்பாற்றாது.

தண்டனைகளில் சீரான தன்மை உண்டா என்ற நீண்ட கட்டுரை வினாவைப் பலர் தவிர்க்கிறார்கள். எனக்கு அதிகப் புள்ளி தந்தது அதுதான். 2021 ஜூலையில் ஒஸ்திரியாவில், பெரஸைப் பாதைக்கு வெளியே தள்ளியதற்காக நொரிஸுக்கு ஒரு 5 செக்கன் தண்டனையும், லெக்லேர்க்கை இருமுறை வெளியே தள்ளியதற்காகப் பெரஸுக்கு இரண்டு 5 செக்கன் தண்டனைகளும் விதிக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் பிரேசிலில் வெர்ஸ்டப்பன், ஹமில்டன் இருவரும் நான்காம் வளைவில் பாதைக்கு வெளியே சென்றபோது விசாரணைகூட நடக்கவில்லை. ஹமில்டனின் அப்போதைய அணியான மெர்சிடிஸ், வெர்ஸ்டப்பன் காரின் முன்னோக்கிய கமராப் பதிவைக் காட்டி மறுபரிசீலனை கோரியது. அப்பதிவு புதியது, தொடர்புடையது, ஆயினும் முக்கியத்துவம் வாய்ந்ததல்ல என்று கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. இதற்கு மாறாக 2023இல் சவூதி அரேபியாவின் ஜெத்தாவில், யாரும் காரில் வேலை செய்யாமல் நிறுத்திவைக்க வேண்டிய தண்டனையை நிறைவேற்றும்போது, காரை உயர்த்தும் பின்பக்க ஜெக் காரைத் தொட்டது என்று அலொன்சோவிடமிருந்து பறிக்கப்பட்ட மூன்றாம் இடம் திரும்பக் கிடைத்தது. முன்பு வேறு கார்களை ஜெக் தொட்டும் தண்டிக்கப்படாத ஏழு சம்பவங்களை அஸ்டன் மார்ட்டின் அணி காணொளியாகக் காட்டியதே காரணம். முன்னைய தீர்மானங்களுக்குப் பெறுமதி உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. பந்தயத்துக்குப் பந்தயம் ஸ்டூவர்ட் குழு மாறுகிறது, அவர்கள் சம்பளம் பெறாத தொண்டர்கள் என்ற இரண்டையும் எழுதலாம். ஆனால் அவற்றைச் சாக்காக்கி முடிக்காதீர்கள். செக்கன் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதைவிட, ஒரே வகைச் செயலுக்கு ஒரே கேள்விகளைக் கேட்பதே சீரான தன்மை என்பது என் உறுதியான நிலைப்பாடு. பிரேசிலில் அந்தக் கேள்விகளே கேட்கப்படவில்லை.

கார்கள் ஒன்றையொன்று முந்துவது பற்றி 2025 ஜூனில் எஃப்.ஐ.ஏ. வெளியிட்ட வழிகாட்டல்களை மனனம் செய்ய வேண்டாம், வரைந்து பழகுங்கள். வளைவொன்றை வரைந்து, அதன் உச்சிப் புள்ளியை (கார் வளைவின் உள்விளிம்பை மிக நெருங்கும் இடத்தை) குறித்து, இரண்டு கார்களையும் முன் அச்சுகளோடு போடுங்கள். உட்புறமாக முந்துபவரின் முன் அச்சு, உச்சிப் புள்ளிக்கு முன்பும் உச்சிப் புள்ளியிலும் குறைந்தது மற்றக் காரின் பக்கக் கண்ணாடிக்கு நேராக இருக்க வேண்டும். வெளிப்புறமாக முந்துபவரின் முன் அச்சு உச்சிப் புள்ளியில் மற்றவரின் முன் அச்சைத் தாண்டியிருக்க வேண்டும். இவை விதிகளல்ல, வழிகாட்டல்களே என்று விடையில் ஒரு வரி சேருங்கள். அதே ஆண்டு நெதர்லாந்தின் சன்ட்வூர்ட்டில் லோசனுடனான மோதலுக்காகச் சைன்ஸுக்கு வழங்கப்பட்ட தண்டனைப் புள்ளிகள் மறுபரிசீலனையில் நீக்கப்பட்டதையும் இங்கே பயன்படுத்தலாம்.

மனனம் செய்தே ஆக வேண்டியவை:

- எதிர்ப்பு மனு: தற்காலிகப் பெறுபேறு வெளியாகி 30 நிமிடம்.
- மேன்முறையீட்டு எண்ணத்தை அறிவிக்க 1 மணித்தியாலம். மனுத் தாக்கல் செய்ய 96 மணித்தியாலம்.
- பந்தயத்துக்குள் நிறைவேற்ற முடியாமற்போன பிட் பாதைத் தண்டனைக்கு (பிட் பாதை வழியாக நிற்காமல் செல்வது) 20 செக்கன், நிறுத்திச் செல்லும் தண்டனைக்கு (பிட்டில் நின்று செல்வது) 30 செக்கன் பந்தய நேரத்தோடு கூட்டப்படும்.
- 12 மாதங்களில் 12 தண்டனைப் புள்ளி என்றால் ஒரு பந்தயத் தடை. 2024இல் ஓட்டுநர் மக்னுசன் அஸர்பைஜானின் பாக்கு நகரப் பந்தயத்தை இழந்தது இதனாலேயே.

குழுவாகப் படிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருவர் வெர்ஸ்டப்பன் பக்கமும் மற்றவர் ஹமில்டன் பக்கமும் நின்றால், விதிப் புத்தகத்தைத் திறக்கவே பொழுது விடிந்துவிடும். விடியற்காலையில் தனியாக, சத்தத்தை நிறுத்திக் காணொளியைப் பாருங்கள். வர்ணனையாளரின் குரல் உங்களுக்கு முன்பே தீர்ப்பளித்துவிடும்.

பெறுபேற்றில் ஒரு மனக்குறை உண்டு. காணொளி வினாவுக்கு நானும் என்னுடன் தோற்றிய ஏறாவூர் நண்பரும் ஒரே விதியையும் ஒரே தண்டனையையும் குறிப்பிட்டிருந்தோம். காரணங்களும் ஏறத்தாழ ஒன்றே. கிடைத்த புள்ளிகளோ வெகுதூரம் விலகியிருக்கின்றன. தண்டனையில் சீரான தன்மை வேண்டும் என்று எங்களிடம் கட்டுரை கேட்டவர்கள், விடை திருத்துவதிலும் அதைக் காட்டியிருக்க வேண்டும். நண்பர் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பித்துள்ளார். நான் பெற்ற புள்ளியையும் தன் விண்ணப்பத்தில் ஒப்பீட்டுக்குக் காட்டிக்கொள்ள அவருக்கு எழுத்தில் சம்மதம் கொடுத்திருக்கிறேன். இதே நிலையில் உள்ளவர்கள் விண்ணப்பத்தில் வெறுமனே ‘புள்ளி குறைவு’ என்று எழுதாமல், எந்த வினா, எந்த விதி, எங்கே வேறுபாடு என்பதைத் தனித்தனியாகக் குறிப்பிட்டு அனுப்புங்கள்.