கானின் ரத்தமும் கிர்க்கின் மரணமும்

2009-இல் ஜே.ஜே. ஆப்ரம்ஸ் புதிதாகத் தொடங்கிவைத்த ‘ஸ்டார் ட்ரெக்’ விண்வெளிப் படவரிசையில், 2013-இல் வெளிவந்த ‘இன்டு டார்க்னெஸ்’ படத்தைப் பற்றிய ரசிகர்களின் சச்சரவு இன்றும் ஓய்ந்தபாடில்லை. ஜான் ஹாரிசனாக வரும் பெனடிக்ட் கம்பர்பேட்ச் உண்மையில் பழைய கதைகளின் வில்லனான கான்தான் என்பதைப் படம் வெளியாகும்வரை மறைத்ததே பலருடைய முதல் குறை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் ஏமாற்றமெல்லாம் இறுதிப் பகுதியில்தான். 1982-இல் வந்த ‘தி ராத் ஆஃப் கான்’ படத்தில், கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் நண்பன் ஸ்பாக் உயிர்விட, கண்ணாடிக்கு இப்புறம் கையை வைத்தபடி கதாநாயகன் கிர்க் செய்வதறியாது நிற்கும் காட்சியின் கனம், 1966-இல் தொலைக்காட்சியில் தொடங்கிய நட்பிலிருந்து வந்தது. புதிய படமோ ஆட்களை மட்டும் இடம் மாற்றி, கிர்க்கைச் சாகவிட்டு, உணர்ச்சியை அடக்கியாளும் ஸ்பாக்கை “கான்!” என்று அலறவிடுகிறது. கிர்க்காக வரும் கிறிஸ் பைன் அக்காட்சியில் நன்றாகவே நடித்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால், செத்துப்போன ட்ரிபிள் என்ற சிறு உரோமப் பிராணிக்குக் கப்பல் மருத்துவர் மெக்காய் கானின் ரத்தத்தை ஏற்றியபோதே கிர்க் பிழைத்துவிடுவார் என்பது தெரிந்துவிடுகிறதே! சாவுக்கே மருந்து கிடைத்துவிட்ட பிறகு, 2016-இல் வந்த அடுத்த படத்தில் அந்த ரத்தம் ஏன் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை என்று ரசிகர்கள் கேட்பது முற்றிலும் நியாயம்.