இடது கைக்காரன் படம்

3 மார்ச் 2023, வெள்ளி

பாட்டி மறுபடியும் அந்தப் படத்தின் பேச்சை எடுத்துவிட்டார். ரசம் ஊற்றிக்கொண்டே, "அவன் இடது கையாலதான் கத்தி சுத்துவான் பாப்பா, அந்த மாதிரி ஒருத்தன அப்புறம் நான் பாக்கவே இல்ல" என்றார். ரசம் பாதி தட்டில், பாதி மேசையில். நான் துடைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

இதுவரை கிடைத்தது இவ்வளவுதான். கறுப்பு வெள்ளைப் படம். நடுவில் கலராக மாறிவிட்டது. ஒரு ராஜா, அவரைப் போலவே இன்னொருவன். பாட்டி அப்போது இருந்த ரப்பர்த் தோட்டத்துத் திடலில் துணி கட்டிக் காட்டினார்கள். கலர் வந்த கொஞ்ச நேரத்தில் மழை வந்து நிறுத்திவிட்டார்கள், அதனால் முடிவு தெரியாது. பாட்டிக்கு அப்போது ஒன்பதோ பத்தோ. பெயர் தெரியாது. நடிகர் யாரென்றும் தெரியாது.

நான் இதைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

4 மார்ச், சனி

காலை முழுக்கத் தேடினேன். ஒரே மாதிரி இரண்டு பேர், ராஜா, வாள் சண்டை என்றவுடன் முதலில் வந்தது 1958இல் வந்த 'உத்தம புத்திரன்'. சிவாஜி இரட்டை வேடம். எனக்கு அந்தப் படம் மிகவும் பிடிக்கும், கெட்டவனாக வரும் சிவாஜி நடக்கும் நடையே வேறு, முகத்தைக் காட்டாமல் காலை மட்டும் காட்டினாலும் எவன் என்று சொல்லிவிடலாம். ஓடிப்போய் பாட்டியிடம் சொன்னால், "சிவாஜிய எனக்குத் தெரியாதா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அதுவும் முழுக்கக் கறுப்பு வெள்ளைதான், கலர் எங்கிருந்து வரும்.

சரி, எம்ஜிஆரா என்று கேட்டேன். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் வந்தது, தமிழில் முழுக்கக் கலரில் வந்த முதல் படம், ஆனால் அது ஆரம்பத்திலிருந்தே கலர். வேறு எம்ஜிஆர் படமாக இருக்கலாம் இல்லையா? பாட்டிக்குக் கோபமே வந்துவிட்டது. "வாத்தியாரு வலது கைக்காரரு. அவர எனக்கு அடையாளம் தெரியாம போயிருமா?"

பாட்டியின் சாமி மேடையில் முருகனுக்குப் பக்கத்தில் எம்ஜிஆர் படம் இருக்கிறது. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

5 மார்ச், ஞாயிறு

செவ்வாய்க்கிழமை ஈப்போவில் பாட்டிக்குக் கண் ஆப்பரேஷன். எனக்கு இன்றே வயிற்றைக் கலக்குகிறது.

7 மார்ச், செவ்வாய்

செய்யவில்லை. இனிப்பு நீர், அதாவது இரத்தச் சர்க்கரை அளவு 14 என்று காட்டியது, இப்படி இருந்தால் கண்ணைத் தொடமாட்டோம், 16ஆம் தேதி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். காலை நான்கு மணிக்கு எழுந்து குளித்துத் தலைவாரி உட்கார்ந்திருந்தார் பாட்டி. திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை. இருப்பது அந்த ஒரு கண். இடது கண் தோட்டத்திலேயே போய்விட்டது. வலது கண்ணில் ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று நான் யோசிக்கக்கூடாது என்று நினைத்து நினைத்து அதையேதான் சுங்கை சிப்புட் வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

இரவு அப்பா அவராகவே, "ஏதாவது படம் போடு" என்றார். 'ஜாகாட்' போட்டேன். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வந்தது, அடுத்த வருடம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் விருது வாங்கியது, ஒரு தமிழ்ப் படம்! 90களின் தொடக்கம், தோட்டம் கலைந்து வெளியே வந்த ஒரு குடும்பம், படிக்கச் சொல்லி அடிக்கும் அப்பா, கற்பனையோடு திரியும் அப்போய் என்ற பையன். அதில் எல்லோரும் நம் பேச்சைப் பேசுகிறார்கள், சென்னைத் தமிழை இழுத்துக்கொண்டு வரவில்லை. எனக்கு அதுவே போதும். என் தோழிக்கு 'கபாலி'தான் மலேசியத் தமிழர் படம். எனக்கும் கபாலி பிடிக்கும், ஆனால் அது நம்மைப் பார்க்க வந்த படம், ஜாகாட் நம் வீட்டுக்குள்ளிருந்து எடுத்த படம். கபாலியின் முடிவில், நம் நாட்டில் ஓடிய பிரதியில் மட்டும், கபாலி போலீசில் சரணடைந்தார் என்று எழுத்தில் போட்டார்கள். இந்தியாவில் பார்த்தவர்களுக்கு அப்படி இல்லை. ஒரே படத்துக்கு இரண்டு முடிவு. பாட்டி படத்துக்கு ஒரு முடிவுகூட இல்லை.

அப்பா கடைசிவரை பார்த்தார். விளக்கை அணைக்கும்போது, "அந்த வீடு மாதிரிதான் இருந்துச்சு நம்ம வீடு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

9 மார்ச், வியாழன்

பாட்டிக்கு இப்போது டிவியில் உருவம் தெரிவதில்லை, வெளிச்சம் மட்டும் அசைகிறது என்கிறார். அதனால் கேட்டே பார்க்கக்கூடிய படங்களைத் தேடிப் போட்டுக்கொண்டிருந்தேன். பராசக்தி, வீரபாண்டிய கட்டபொம்மன். வசனம் காதில் விழுந்தால் போதும், பாட்டியே கூடச் சொல்லுவார்.

இன்று நான் ஒரு விபரீத வேலை செய்தேன். 'பேசும் படம்' போட்டேன். 1987, சிங்கீதம் சீனிவாச ராவ், கமல், அமலா. படம் முழுக்க ஒரு வசனம் கிடையாது. "என்ன பாப்பா, சத்தத்தக் காணோம்?" என்றார். நான் சொல்கிறேன் பாட்டி என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் நான்தான் பேசினேன். வேலை இல்லாத பையன், குடித்துவிட்டு விழுந்து கிடக்கும் பணக்காரன், அவனைக் கட்டிப்போட்டுவிட்டு அவன் ஹோட்டல் அறையில் இவன் வாழ்வது. பனிக்கட்டியில் கத்தி செய்து கொல்ல வருகிறவன், குத்துவதற்குள் அது உருகிவிடுவது. பாட்டி எங்கே சிரிப்பார், எங்கே "ஐயோ" என்பார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன். நான் இந்தப் படத்தை நான்கு தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் வாயால் சொல்லும்போதுதான் எவ்வளவு விஷயம் உள்ளே இருக்கிறதென்று தெரிந்தது. ஒரு பார்வையைச் சொல்ல எனக்கு நான்கு வாக்கியம் வேண்டியிருந்தது. சொல்லி முடிப்பதற்குள் படம் அடுத்த காட்சிக்குப் போய்விடும், நான் நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன்.

அந்தப் பையன் தியேட்டருக்குப் பக்கத்தில் குடியிருந்தவன், தினமும் படத்தின் சத்தத்தில் தூங்கிப் பழகியவன். ஹோட்டலில் அமைதி தாங்காமல் தூக்கம் வராது. திரும்பிப் போய் அந்தச் சத்தத்தை டேப்பில் பதிந்து கொண்டுவந்து போட்டுவிட்டுத் தூங்குவான். இதைச் சொன்னதும் பாட்டி சிரிக்கவில்லை. "தோட்டத்த விட்டு வந்தப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. பெரட்டு மணி கேக்காம முழிப்பே வரல" என்றார். தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்க அடிக்கும் மணி அது.

கடைசியில் அந்தப் பெண் ரோஜாப் பூவோடு முகவரிச் சீட்டையும் வீசுவாள், பூ மட்டும் அவன் கைக்கு வரும், சீட்டு சாக்கடையில் விழுந்துவிடும். அதைச் சொல்ல எனக்கு மனசே வரவில்லை. ஒரு நொடி, கையில் கிடைத்தது என்று மாற்றிச் சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. உள்ளபடியே சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது.

பார்க்காதவர்கள் கட்டாயம் பாருங்கள். பார்த்தவர்கள் யாருக்காவது சொல்லிக் காட்டுங்கள்.

10 மார்ச், வெள்ளி

'பரதேசி' பார்த்தேன். பாலா, 2013. பி. எச். டேனியல் எழுதிய 'ரெட் டீ' என்ற நாவலிலிருந்து வந்த கதை, அவர் தோட்டத்தில் டாக்டராக இருந்தவர். பாட்டிக்குக் கேட்கக்கூடாது என்று சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்தேன். உள்ளேயிருந்து, "எந்தத் தோட்டம் அது?" என்றார். தேயிலை என்றேன். "நாங்க கித்தா" என்று ரப்பரைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

11 மார்ச், சனி

அளவு 9.

13 மார்ச், திங்கள்

மிஷல் யோ!!! ஈப்போவில் பிறந்தவர், இங்கிருந்து அரை மணி நேரம், ஆஸ்கர் சிறந்த நடிகை. அந்த விருதை வாங்கும் முதல் ஆசியப் பெண். நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு அத்தை பாட்டிக்கு என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார்.

இன்னொன்றை எல்லோரும் கவனித்தார்களா தெரியவில்லை, 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' குறும் ஆவணப் படத்துக்கான விருதை வாங்கியது. முதுமலையில் யானைக் குட்டி வளர்க்கும் பொம்மன், பெள்ளி. அவர்கள் பேசுவது தமிழ். ஆஸ்கர் வாங்கிய படத்தில் தமிழ்! 'நாட்டு நாட்டு' பாட்டைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் நல்ல பாட்டுத்தான், பின்னால் தெரிவது உக்ரைன் நாட்டு மாளிகை.

பாட்டிக்கு மிஷல் யோவைத் தெரியாது. பழைய மலாய்ப் பட நடிகர் பி. ராம்லியைத் தெரியும். பி. ராம்லி கதாநாயகனாக நடித்த முதல் படமான 'பக்தி'யை 1950இல் இயக்கியவர் எல். கிருஷ்ணன், நம்மவர், என்று சொன்னேன். "அப்படியா" என்று எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

14 மார்ச், செவ்வாய்

இரண்டு புதுத் தகவல். எண்ணெய் தேய்த்துவிடும்போது தானாக வந்தது.

ஒன்று, முதலில் வரும் கதாநாயகி செத்துப்போகிறாள், அப்புறம் வேறு ஒரு பெண் வருகிறாள். யார் கதாநாயகியைப் பாதியில் சாகடிப்பார்கள்?

இரண்டு, "பொம்பளைங்க எல்லாம் மாராப்ப வலது தோள்ல போட்டிருந்தாங்க. வடநாட்டுப் படமா இருக்குமோ என்னமோ." அப்படியானால் நான் இத்தனை நாள் தமிழ்ப் படத்தில் தேடியதெல்லாம் வீணா? எல்லோருமா வலது தோளில் போட்டிருந்தார்கள் என்று கேட்டேன். எல்லோரும்தான்.

இந்தியில் இடது கை வாள்வீரன் யார்? ஒருவரும் கிடைக்கவில்லை.

தோழியோடு பொன்னியின் செல்வன் சண்டை இன்னும் முடியவில்லை. அவளுக்கு வந்தியத்தேவன், எனக்கு நந்தினி. எம்ஜிஆர் 1958லேயே அந்தக் கதையைப் படமாக்க உரிமை வாங்கியிருந்தார், அதற்குத் திரைக்கதை எழுத உட்கார்ந்தவர்தான் பிறகு 'முள்ளும் மலரும்' எடுத்த மகேந்திரன், என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள்.

15 மார்ச், புதன்

நாளை. அளவு 8.

16 மார்ச், வியாழன்

முடிந்தது. அரை மணி நேரம்கூட இல்லை. வெளியே வந்து, "பாப்பா, உள்ள ஒரே கலரு" என்றார். வலது கண்ணில் பஞ்சு வைத்துப் பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருக்கிறார்கள். நாளைக் காலையில் எடுப்பார்கள். இன்று இரவு முழுக்க பாட்டிக்கு இருட்டுத்தான். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஒரு கையால் எழுதுகிறேன்.

17 மார்ச், வெள்ளி

எங்கிருந்து ஆரம்பிப்பது!

நேற்று நானும் பாட்டியும் எடுத்த செல்ஃபியை அப்பாவுக்கு அனுப்பியிருந்தேன். அப்பா லோரியோடு ஜொகூரில். விடியற்காலை ஐந்து மணிக்குப் போன் வருகிறது, குரலே சரியில்லை. "ஏன் இடது கண்ணுல கட்டியிருக்கு? அது போன கண்ணாச்சே! கண்ண மாத்திச் செஞ்சிட்டாங்களா?" எனக்கு உயிரே போய்விட்டது. பாட்டி முகத்தைப் பார்த்தேன். கட்டு வலது கண்ணில்தான். போனைப் பார்த்தேன். இடது கண்ணில். முன்பக்கக் கேமரா கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டியிருக்கிறது. அப்பாவிடம் சொல்லிப் புரியவைத்து, அவரை அழவிடாமல் சமாளித்து, போனை வைத்துவிட்டு மறுபடி அந்தப் படத்தைப் பார்த்தால், பாட்டியின் மாராப்பு வலது தோளில்.

வலது தோளில்!

பாட்டி, நீங்கள் அந்தப் படத்தை எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள் என்று கேட்டேன். "பின்னாலதான். முன்னால ஆபீசு கிராணி வீட்டு நாற்காலி, அப்புறம் ஆம்பளைங்க. தம்பியத் தூக்கிக்கிட்டு நான் போய்ச் சேரவே நேரமாயிருச்சு. துணிக்கு அந்தாண்ட புல்லுல நிறைய எடம் கிடந்துச்சு."

துணிக்கு அந்தப் பக்கம். எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரியவில்லையா என்றேன். "எனக்கு அப்ப ஏது எழுத்து?"

இடது கை இல்லை. வலது கைதான். 1958, 'நாடோடி மன்னன்'. எம்ஜிஆர் முதன்முதலாக இயக்கிய படம், இரட்டை வேடம், முதலில் கறுப்பு வெள்ளை, பிறகு கலர். முதலில் வந்து செத்துப்போவது பானுமதி. எம்ஜிஆரோடு ஒத்துப்போகாமல் அவர் விலகியதால் கதையில் அவரை முடித்துவிட்டார்கள். அப்புறம் வருவது சரோஜாதேவி. எல்லாம் சரியாக உட்காருகிறது.

பாட்டியிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "வாத்தியாரா அது" என்றார். "அறுபது வருசமா வாத்தியார வேற எவனோன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனா."

மூடியை ஒன்பது மணிக்கு எடுத்தார்கள். முதலில் என்னைப் பார்த்து, "இவ்வளவு கறுத்துட்டியே" என்றார்.

18 மார்ச், சனி

இன்றே போடு என்கிறார். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம். கண் சிவந்திருக்கிறது, ஒரு வாரம் போகட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். சொட்டு மருந்து இரண்டு மணிக்கு ஒரு தடவை.

20 மார்ச், திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. வகுப்பில் எல்லோரும் 31ஆம் தேதி வரும் 'விடுதலை'யைப் பற்றித்தான் பேசுகிறார்கள், சூரி கதாநாயகன், வெற்றிமாறன். நானும் ஆவலாகத்தான் இருந்தேன். இன்று மனசு அங்கே இல்லை. மருந்தை இடைவேளைக்கு அத்தை ஊற்றியிருப்பாரா?

23 மார்ச், வியாழன்

நோன்பு தொடங்கிவிட்டது. டவுனில் பாசார் ரமடான் சந்தைக்குப் பாட்டியைக் கூட்டிப்போனேன். பச்சை, மஞ்சள், ரோஸ் என்று ஒவ்வொரு பலகாரத்தின் நிறத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தார். வாங்கிக் கொடுக்கவில்லை.

25 மார்ச், சனி

இன்று ஒரு மணி நேரம் பார்த்தோம். வாள் எடுக்கும்போதெல்லாம், "எந்தக் கை, எந்தக் கை" என்று என்னைக் கேட்டுக்கொண்டு தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். 'தூங்காதே தம்பி' பாட்டு எங்கே வரும் என்று கேட்டார், நான் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் வர ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டேன்.

26 மார்ச், ஞாயிறு

இன்னும் அரை மணி நேரம். பானுமதி உயிரோடுதான் இருக்கிறார். இன்னும் கலர் வரவில்லை.