மஞ்சள் காமாலை வந்த பூனைக்குப் பத்தியம் கிடையாது

எங்கள் பூனைக்கு மஞ்சள் காமாலை என்றதும் வீட்டில் ஆளாளுக்கு வைத்தியர் ஆகிவிட்டார்கள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடு என்றார் அம்மா. கறி, மீன் எதையும் கண்ணில் காட்டாதே, மோர் சோறு போதும் என்றார் மாடிவீட்டு அக்கா. மனிதருக்கே அந்தப் பத்தியம் எவ்வளவு தூரம் சரி என்பது தனிக் கதை. பூனைக்கு அது தலைகீழ்.

நடந்தது இதுதான். நாங்கள் வீடு மாறினோம். கருத்தடை செய்த, நன்றாகக் கொழுத்த ஆண் பூனை அது. புது வீட்டில் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு சாப்பாட்டுப் பக்கமே வரவில்லை. காதின் உட்புறமும் ஈறும் மஞ்சளாகத் தெரிந்ததும் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் ஏறியிருந்தது. ஈரல் பாதிப்பைக் காட்டும் என்சைம்களில் ஏ.எல்.பி. என்பது பல மடங்கு ஏறியிருந்தது, ஜி.ஜி.டி. என்பது மட்டும் கிட்டத்தட்ட இயல்பு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்ததுமே ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கும் என்று டாக்டர் ஊகித்துவிட்டார். வைட்டமின் கே ஊசி போட்டபின், மெல்லிய ஊசியால் ஈரல் செல்களை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்.

பூனை சில நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலுக்கு வந்து குவிகிறது. அதை அங்கிருந்து வெளியே அனுப்பப் புரதம் வேண்டும். பட்டினியில் அதற்கு எங்கே போவது? குண்டுப் பூனைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். மனித உடம்பு, சாப்பாட்டில் புரதம் குறைந்தால் செலவையும் குறைத்துக்கொள்ளும். பூனைக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. அர்ஜினின் என்ற அமினோ அமிலம் இல்லாமல் ஒரே ஒரு வேளை சாப்பிட்டால்கூட அதன் ரத்தத்தில் அம்மோனியா ஏறிவிடும். மோர் சோறு கொடுப்பதில் உள்ள சிக்கல் இதுதான்: வயிறு நிறையும், ஈரல் பட்டினியாகவே கிடக்கும். வாயில் எச்சில் ஒழுகுவது, தள்ளாடுவது, தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பது என, ஈரல் கோளாறு மூளையைத் தாக்கிய அறிகுறிகள் தெரிந்தால் மட்டும் புரதத்தைக் குறைப்பார்களாம். எங்களுடையதற்கு அப்படி எதுவும் இல்லை.

சாப்பிட மறுக்கும் பூனைக்கு எப்படி ஊட்டுவது? சிரிஞ்சால் வாயில் திணிக்க வேண்டாம் என்று டாக்டர் கறாராகச் சொன்னார். குமட்டலோடு திணித்த உணவைப் பூனை அப்புறம் காலத்துக்கும் வெறுக்குமாம், புரையேறும் அபாயம் வேறு. ட்ரிப்ஸ் போட்டு நீர், உப்புச் சத்துக் குறையைச் சரிசெய்தபின், மயக்க மருந்து கொடுத்துக் கழுத்தின் இடப்பக்கமாக உணவுக் குழாய்க்குள் ஒரு டியூப் வைத்தார்கள். கேட்கும்போது பயமாக இருந்தது. வைத்த பிறகு பூனையைவிட எங்களுக்குத்தான் பெரிய நிம்மதி. மாத்திரை கொடுக்கும் மல்யுத்தமும் அதோடு முடிந்தது.

எவ்வளவு ஊட்டுவது என்ற கணக்கு இப்படி: கிலோவில் உள்ள எடையை 0.75 என்ற அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்க வேண்டும். 5 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 235 கிலோகலோரி வரும். முதல் நாளே அவ்வளவும் கொடுக்கக் கூடாது. கால் பங்கில் தொடங்கி மூன்று நான்கு நாளில் முழு அளவுக்கு ஏற்றினோம். பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று சத்து போனால் ரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பரசும் மளமளவென்று இறங்கிவிடும். அதனால் அந்த நாட்களில் அடிக்கடி ரத்தம் எடுத்தார்கள். பில்லைப் பார்த்து முணுமுணுத்தேன். ஆனாலும் அந்தப் பரிசோதனையைத் தவிர்க்கச் சொல்லமாட்டேன்.

உடல் தேறும் பூனைகளுக்கென்றே விற்கும், புரதம் நிறைந்த டின் உணவை மிக்ஸியில் கொஞ்சம் தண்ணீரோடு அடித்து, டீ வடிகட்டியில் வடிகட்டிக்கொள்வேன். வடிகட்டாவிட்டால் டியூப் அடைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பாக, கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லத் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் வாந்திதான். முன்னும் பின்னும் கொஞ்சம் வெந்நீர் விட்டு டியூபைக் கழுவ வேண்டும். நாளுக்கு ஐந்தாறு வேளை இதே வேலை. வாந்திக்கு மருந்தும் பி12 ஊசியும் தனி. டியூப் நுழையும் இடத்தைத் தினமும் துடைத்து, சிவப்போ சீழோ இருக்கிறதா என்று பார்த்துத் துணி சுற்றுவேன். அந்த இடத்துத் தோல் புண்ணாகாமல் காப்பது உணவு கொடுப்பதைவிடப் பொறுமை கேட்கும் வேலை. சிக்கன் சூப் கொண்டுவந்த சொந்தக்காரர்களிடம், அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம் என்று விளக்கியே எனக்கு வாய் வலித்தது. கீழாநெல்லிக் கதை மட்டும் கடைசிவரை ஓயவில்லை.

முதலில் வாந்தி நின்றது, அப்புறம் காது வெளுத்தது. தட்டில் வைத்த மத்தியை மோந்து பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது, ஒரு நாள் நக்கியது. ஆனால் தானாகச் சாப்பிடத் தொடங்கியதும் டியூபை எடுக்கவில்லை. டியூபைத் தொடாமலே ஒரு வாரம் போல வாயாலேயே போதுமான அளவு சாப்பிட்டு எடை நின்ற பிறகுதான் எடுத்தார்கள். அந்த ஓட்டை தையல் இல்லாமல் தானாகவே மூடிக்கொண்டது.

இப்போது எடையைக் குறைக்கிறோம், அதுவும் டாக்டர் சொன்ன வேகத்தில்: வாரத்துக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இறங்கக் கூடாது. சமையலறைத் தராசில் உணவை நிறுத்துப் போடுகிறேன். ஒரு முழு நாள் தட்டு அப்படியே இருந்தால், காரணம் யோசித்துக்கொண்டிருக்காமல் போன் செய்துவிட வேண்டும் என்பது அவர் உத்தரவு.